500 பயனரில் திணறும் முன்பதிவுத் தளம்: பெரிய சேவையகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பிற்பாடு வாசிப்பவர்களுக்கும் உதவும் என்பதால், உங்கள் கேள்வியின் விவரங்களை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் இருந்து இயங்கும் உங்கள் சிறு குழு, நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்குச் செல்லும் படகுகளுக்கும் திமிங்கிலம் பார்க்கும் பயணங்களுக்கும் ஆசனம் பதிவு செய்யும் இணையத்தளம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. முன்னால் கோரிக்கைகளை வாங்கும் இணையச் சேவையகமான என்ஜின்எக்ஸ், நடுவில் உங்கள் ஜாவா நிரலை இயக்கும் ஸ்பிரிங் பூட், பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். இவை மும்பையில் உள்ள 4 கோர் மேகச் சேவையகங்களில் இயங்குகின்றன. அலுவலகத்து விண்டோஸ் மடிக்கணினியில் இருந்து ஜேமீட்டர் என்ற சுமைச் சோதனைக் கருவி மூலம் 500 திரெட்டுகளை (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் வேலைகளை) ஒரே கணத்தில் ஏவியபோது, சில கோரிக்கைகள் 30 செக்கனில் பிழையோடு திரும்பின. வேறு சில 40 செக்கனைத் தாண்டின. இடையிடையே முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பிழையும் வந்தது. அந்த நேரம் முழுவதும் சேவையகத்தின் சிபியு பயன்பாடு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. கனெக்சன் பூலை, அதாவது தரவுத்தளத்துக்கு முன்கூட்டியே திறந்துவைத்துப் பகிரும் இணைப்புகளின் தொகுப்பை, 100 ஆக உயர்த்தியபோது, இணைந்திருப்போர் மிகுதி என்று போஸ்ட்கிரெஸ் மறுத்தது. இரண்டாம் முறை ஓட்டினால் விடை வேறாக வருகிறது. அதே தரவுத்தளத்தில் போஸ்ட்கிரெஸோடு வரும் வேக அளவீட்டுக் கருவியான பிஜிபெஞ்ச் ஓட்டினால், செக்கனுக்கு ஆயிரக்கணக்கான டிரான்சக்சன் (ஒன்றாகவே நிறைவேறும் தரவுத்தளச் செயல்களின் தொகுதி) காட்டுகிறது. பருவம் தொடங்குவதற்கு முன் பெரிய சேவையகத்துக்கு மாறுவதா என்பதே உங்கள் கேள்வி.

இந்தச் சான்றுகளை வைத்துப் பார்த்தால் மாற வேண்டியதில்லை. சிபியு சும்மா இருக்கும்போது பதில் தாமதமாகிறது என்றால், வேலை நடக்கவில்லை, எங்கோ காத்திருப்பு நடக்கிறது என்று பொருள். கரையில் 500 பேர் நிற்க ஓடுவது 10 படகுகள் மட்டுமே என்றால், கடலை அகலப்படுத்தி ஆவது ஒன்றுமில்லை. எந்த வரிசையில் நிற்கிறார்கள், அந்த வரிசையின் முன்னால் இருப்பவர் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார் என்ற இரண்டையும்தான் கண்டுபிடிக்க வேண்டும். அத்துடன் உங்கள் சோதனையே சில இடங்களில் தளத்தை அளக்காமல் வேறு எதையோ அளந்துகொண்டிருக்கிறது. அதையும் பிரித்துக் காட்டுகிறேன்.

முதல் தடயம் அந்த 30 செக்கன். சுமைச் சோதனையில் முழு எண்ணில் வந்து நிற்கும் பதில் நேரம் இயல்பாக உருவாவதில்லை. அது யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுதிவைத்த காலவரம்பு. ஸ்பிரிங் பூட் இயல்பாகப் பயன்படுத்தும் ஹிக்காரி என்ற கனெக்சன் பூல் ஓர் இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தின் இயல்பு மதிப்பு 30,000 மில்லிசெக்கன். என்ஜின்எக்ஸ் பின்னால் உள்ள பயன்பாட்டிடம் இருந்து பதிலை எதிர்பார்த்திருக்கும் நேரம் இயல்பாக 60 செக்கன். அது தாண்டினால் நேரம் கடந்துவிட்டது என்ற 504 பிழை வரும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் பயன்படுத்துபவர்களாக இருந்தால், அதன் சேமிப்புப் பொறியான இன்னோடிபி நிரைப் பூட்டுக்காகக் (ஒருவர் மாற்றும் நிரையை மற்றவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டு) காத்திருக்கும் 50 செக்கனை நினைவில் வைத்திருக்க வேண்டும். 1, 3, 7 செக்கன் என்ற படிகளில் பதில் நேரங்கள் கொத்துக் கொத்தாக நின்றால், லினக்ஸில் இணைப்பைத் தொடங்கும் முதல் பொதி தொலைந்து மீண்டும் அனுப்பப்படுகிறது என்று ஊகிக்கலாம். அதாவது பயன்பாட்டின் வாசலுக்குக்கூடக் கோரிக்கை வந்து சேரவில்லை. ஆகவே சராசரியைப் பார்ப்பதற்கு முன் பதில் நேரங்களின் பரம்பலை வரைந்து, எந்த எண்ணில் குவிகிறது என்று பாருங்கள். இந்தப் பழக்கம் ஒன்றே பாதிப் பிரச்சினைகளுக்கு உரிய இடத்தைக் காட்டிவிடும் என்பது என் கணிப்பு.

உங்களுடைய குவியல் 30இல் இருப்பதால் ஹிக்காரியில் இருந்து தொடங்குவோம். அதன் பூல் அளவை நீங்கள் மாற்றாதவரை அது 10 இணைப்புகள். நீங்கள் அனுப்பிய குறிப்பின்படி, ஆசனப் பதிவுச் செயற்பாடு ஒரே டிரான்சக்சனுக்குள் ஆசனத்தைக் குறைத்து, கட்டண வாயிலை அழைத்து, குறுஞ்செய்தியையும் அனுப்பிவிட்டுத்தான் முடிகிறது. வெளியே செல்லும் இந்த இரண்டு அழைப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 2 செக்கன் எடுக்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பதிவும் ஓர் இணைப்பை 2 செக்கன் பிடித்துவைத்திருக்கும். 10 இணைப்புகளை 2 செக்கனால் வகுத்தால் செக்கனுக்கு 5 பதிவுகள். இதற்கு மேல் உங்கள் தளத்தால் ஒரு பதிவைக்கூடச் செய்ய முடியாது, சேவையகத்தில் 4 கோர் இருந்தாலும் 64 கோர் இருந்தாலும்.

இனி அந்த 500 பேருக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ஸ்பிரிங் பூட்டுக்குள் இருந்து கோரிக்கைகளை ஏற்கும் சேவையகமான டொம்கெட் இயல்பாக 200 திரெட்டுகளைத்தான் வேலைக்கு விடும். அந்த 200 திரெட்டுகளும் ஹிக்காரியிடம் இணைப்புக் கேட்டு நிற்கின்றன. செக்கனுக்கு 5 என்ற வேகத்தில் 30 செக்கனில் 150 பேருக்குத்தான் இணைப்புக் கிடைக்கும். முதல் 200இல் எஞ்சிய 50 பேர் சரியாக 30ஆவது செக்கனில் பிழையோடு வெளியேறுவார்கள். நீங்கள் கண்ட பிழைகள் இவை. மீதி 300 பேரோ டொம்கெட்டின் வாசலில், திரெட் கிடைக்காமல் நிற்கிறார்கள். ஹிக்காரியின் கடிகாரம் அவர்களுக்கு இன்னும் ஓடத் தொடங்கவே இல்லை. ஜேமீட்டரின் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. 30இல் அறுபட வேண்டிய கோரிக்கை 40ஐத் தாண்டியது எப்படி என்ற உங்கள் குழப்பத்துக்கு விடை இதுதான். பயன்பாட்டின் லொக் கோப்பில் (நடப்பவற்றைக் குறித்துவைக்கும் கோப்பில்) அந்தக் கோரிக்கை சில செக்கன்களில் முடிந்ததாகவும் ஜேமீட்டரில் அதன் பல மடங்காகவும் தெரிந்தால், இடைப்பட்ட நேரம் வாசலில் கழிந்தது என்று கொள்ளுங்கள். என்ஜின்எக்ஸ் லொக்கில் மொத்தக் கோரிக்கை நேரத்தையும், பின்புறச் சேவையகம் எடுத்த நேரத்தையும் தனித்தனியே எழுதச் செய்யலாம். இரண்டும் சமமாக இருந்தால் காத்திருப்பு பயன்பாட்டின் பக்கம்; முதலாவது மட்டும் பெரிதாக இருந்தால் பயனருக்கும் என்ஜின்எக்ஸுக்கும் இடைப்பட்ட இணைய வழியில்.

இது ஊகமாக நின்றுவிடக் கூடாது என்பதால், உறுதிப்படுத்தும் வழியையும் சொல்கிறேன். சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற காட்சியைத் திறந்து, ஒவ்வோர் இணைப்பின் நிலையையும் பாருங்கள். 'ஐடில் இன் டிரான்சக்சன்' என்ற நிலையில் பெரும்பாலானவை நின்றால், தரவுத்தளம் வேலை எதுவும் இல்லாமல் உங்கள் நிரலின் அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கிறது. உங்கள் நிரலோ கட்டண வாயிலுக்காகக் காத்திருக்கிறது. மாறாக, அவை இயங்கும் நிலையில் இருந்து, காத்திருப்பின் வகை 'லொக்' (பூட்டு) என்று காட்டினால் சிக்கல் நிரைப் பூட்டில். பிஜி புளொக்கிங் பிட்ஸ் என்ற செயற்பாடு, எந்த இணைப்பு எதைத் தடுத்து நிற்கிறது என்பதை அப்படியே சொல்லிவிடும். ஜாவாப் பக்கத்தில் சில செக்கன் இடைவெளியில் மூன்று தடவை திரெட் டம்ப், அதாவது ஒவ்வொரு திரெட்டும் நிரலின் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல், எடுத்துப் பாருங்கள். ஒரே வரியில் நூற்றுக்கும் மேற்பட்ட திரெட்டுகள் உறைந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். பயன்பாட்டின் அளவீடுகளைத் திரட்டும் மைக்ரோமீட்டர் நூலகம் இயக்கத்தில் இருந்தால், ஹிக்காரியில் இணைப்புக்காகக் காத்திருப்போரின் எண்ணிக்கை வரைபடமாகவே கிடைக்கும். சிபியு வரைபடத்தை விட இந்த ஒன்றைப் பெரிய திரையில் போட்டுவைப்பது பயனுள்ளது.

திருத்தம் என்று வரும்போது பலரும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள்: பூலை 100 ஆக்கினீர்கள். போஸ்ட்கிரெஸ் அனுமதிக்கும் இணைப்புகளின் இயல்பு எல்லை 100. அதில் 3 நிர்வாகிக்காக ஒதுக்கப்பட்டவை. ஆகவே பயன்பாட்டுக்குக் கிடைப்பது 97. ஹிக்காரியோ, வேறுவிதமாகச் சொல்லாதவரை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூலின் முழு அளவையும் நிரப்பியே வைத்திருக்க முயலும். மறுப்பு வந்ததில் வியப்பில்லை. அந்த எல்லையையும் உயர்த்திவிடலாம்தான். ஆனால் போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் தனியான ஒரு செயன்முறை, அதற்கென நினைவகம் வேண்டும், 4 கோரில் ஒரே நேரத்தில் உண்மையாக வேலை செய்யக்கூடியவை சில மட்டுமே. போஸ்ட்கிரெஸ் சமூகத்தில் நெடுங்காலமாக வழங்கும் ஒரு தொடக்கக் கணக்கு உண்டு: கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். உங்கள் சேவையகத்துக்கு அது 9 அல்லது 10 வரும். ஆக, ஹிக்காரியின் இயல்பு மதிப்பு உங்களுக்குச் சரியாகவே பொருந்துகிறது; பிழை பூலின் அளவில் இல்லை, இணைப்பைப் பிடித்துவைத்திருக்கும் நேரத்தில் இருக்கிறது.

ஆகவே பதிவை இரண்டு குறுகிய டிரான்சக்சன்களாகப் பிரியுங்கள். முதலாவதில் ஆசனத்தைச் சில நிமிடங்களுக்குத் தற்காலிகமாக ஒதுக்கி, அந்த ஒதுக்கீடு காலாவதியாகும் நேரத்தையும் எழுதி முடித்துவிடுங்கள். அதன் பின்னர், எந்த இணைப்பையும் பிடிக்காமல் கட்டண வாயிலை அழையுங்கள். பணம் கிடைத்ததும் இரண்டாவது டிரான்சக்சனில் உறுதிப்படுத்துங்கள். குறுஞ்செய்தியை ஓர் அட்டவணையில் வரிசையாக எழுதிவைத்து, பின்னணியில் ஓடும் தனி வேலை ஒன்று எடுத்து அனுப்பட்டும். அது அரை நிமிடம் பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்பிரிங் பூட்டில் 'ஓப்பன் இன் வியூ' என்ற அமைப்பு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். அது இருக்கும்வரை, டிரான்சக்சன் முடிந்தாலும் கோரிக்கை முழுவதும் முடியும்வரை இணைப்பு திரும்பக் கொடுக்கப்படாமல் போகலாம். அதை நிறுத்தாமல் மேற்சொன்ன பிரிப்பைச் செய்துவிட்டு, மாற்றம் ஒன்றும் தெரியவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். இணைப்பு பிடிபடும் நேரம் 2 செக்கனில் இருந்து 40 மில்லிசெக்கனாகக் குறைந்தால், அதே 10 இணைப்புகள் செக்கனுக்கு 250 டிரான்சக்சனுக்குப் போதும்.

இனிச் சோதனையின் பக்கம். மடிக்கணினியில் வந்த அந்த முகவரிப் பிழைக்கும் உங்கள் தளத்துக்கும் தொடர்பே இல்லை. ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் அனுப்பும் கணினி ஒரு தற்காலிகத் துறை எண்ணை (போர்ட்) எடுக்கிறது. விண்டோஸில் அவை 49152 முதல் 65535 வரை, மொத்தம் 16,384. மூடப்பட்ட இணைப்பின் எண் உடனே விடுபடுவதில்லை. சிறிது நேரம் முடக்கப்பட்டே இருக்கும். லினக்ஸில் இயல்பு வீச்சு 32768 முதல் 60999 வரை, அதாவது 28,232 எண்கள், முடக்கம் 60 செக்கன். ஆக ஒரே இலக்கை நோக்கிச் செக்கனுக்கு ஏறத்தாழ 470 புதிய இணைப்புகள்தான் தொடர்ந்து திறக்க முடியும். ஜேமீட்டரில், ஒரே இணைப்பை மீண்டும் பயன்படுத்தும் 'கீப் அலைவ்' தெரிவு அணைக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு கோரிக்கையும் புதிய இணைப்பு என்பதால், இந்த எல்லை மிக விரைவில் வந்துவிடும். அத்துடன் ஜேமீட்டரை அதன் வரைகலைத் திரையில் இருந்து ஓட்டாதீர்கள். அந்தத் திரை சோதனையைத் தயாரிப்பதற்கும் பிழை தேடுவதற்கும் மட்டுமே என்று ஜேமீட்டரே தொடங்கும்போது எச்சரிக்கிறது. கட்டளை வரியில் ஓட்டி, விடைகளைக் கோப்பில் எழுதச் செய்யுங்கள். எல்லாப் பதில்களையும் மரமாகக் காட்டும் லிஸ்னரை (விடைகளைக் காட்டும் ஜேமீட்டர் உறுப்பு) நீக்கிவிடுங்கள். இயல்பாகக் கிடைக்கும் 1 ஜிகாபைட் நினைவகத்தை அது விழுங்கிவிட, ஜாவா குப்பை அள்ள, அதாவது பயன்படாத நினைவகத்தை விடுவிக்க, நின்ற நேரமெல்லாம் உங்கள் தளத்தின் பதில் நேரமாகப் பதிவாகும்.

அலுவலகத்தில் இருந்து மும்பைக்குச் சுமையை அனுப்புவதும் சரியல்ல. அப்போது நீங்கள் அளப்பது, தளத்தோடு சேர்த்து, உங்கள் வீதியில் வரும் இணைய இணைப்பின் மேலேற்ற வேகத்தையும், அந்த நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும் காணொளியையும்தான். சுமை எழுப்பும் கணினியைச் சேவையகம் உள்ள அதே பிராந்தியத்தில், ஆனால் வேறொரு கணினியாக வைத்துக்கொள்ளுங்கள். அதே வேளையில் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கையடக்கத் தொலைபேசி இணைப்பில் ஒருவர் சாதாரணமாகத் தளத்தைப் பயன்படுத்திப் பார்க்கட்டும். முதலாவது தளத்தின் கொள்ளளவைச் சொல்லும், இரண்டாவது வாடிக்கையாளரின் அனுபவத்தைச் சொல்லும். இரண்டையும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிட்டால் எதையும் திருத்த முடியாது.

500 என்ற எண்ணுக்கு வருகிறேன். 500 திரெட் என்பது 500 பயனர் அல்ல. 1961இல் ஜோன் லிட்டில் நிறுவிய விதியின்படி, ஓர் அமைப்பினுள் இருப்போரின் எண்ணிக்கை, அவர்கள் வந்துசேரும் வேகத்தையும் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். ஒரு சுற்றுலாப் பயணி பக்கத்தைத் திறந்து, நேரம் பார்த்து, கூட வந்தவரைக் கேட்டு, அடுத்த பொத்தானை அழுத்த 20 செக்கன் எடுக்கிறார், பதில் நேரம் அரைச் செக்கன் என்று கொள்வோம். 500 பேரை 20.5ஆல் வகுத்தால் செக்கனுக்கு 24 கோரிக்கைகளே வரும். அந்த 20 செக்கன் இடைவெளியை விட்டுவிட்டு 500 திரெட்டுகளைச் சுழலவிட்டால், பதில் நேரம் 100 மில்லிசெக்கனாக இருக்கும்வரை செக்கனுக்கு 5,000 கோரிக்கைகளை எழுப்ப முயல்கிறீர்கள். திருகோணமலை மாவட்டத்துப் படகுகள் அத்தனையும் சேர்ந்தாலும் அப்படி ஒரு கூட்டத்தைக் காணப் போவதில்லை. கடந்த பருவத்தின் லொக் கோப்பு இருந்தால், ஓகஸ்ட் விடுமுறை வார இறுதியில் மிக நெருக்கமான 10 நிமிடத்தை எடுத்து அதில் வந்த கோரிக்கைகளை எண்ணுங்கள். அதை இரண்டு அல்லது மூன்று மடங்காக்கி இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கை வேகமாகக் குறிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. திரெட்டுகள் பதிலுக்காகக் காத்திருந்து அடுத்த கோரிக்கையை அனுப்பும் முறையில், தளம் மெதுவாகும்போது சோதனையும் தானாக மெதுவாகிவிடுகிறது. உண்மையான வாடிக்கையாளர்கள் அப்படி இல்லை. முன்னால் உள்ளவருக்குப் பக்கம் திறக்கவில்லை என்பது அடுத்தவருக்குத் தெரியாது, அவர் வந்துகொண்டேதான் இருப்பார். இதனால் மிக மோசமான நேரங்களில் எடுக்க வேண்டிய அளவீடுகள் எடுக்கப்படாமலே போகின்றன. கில் டெனே என்பவர் இந்தக் குறையைத் தெளிவாக எடுத்துக்காட்டிப் பெயரும் இட்டார். கே6 என்ற இன்னொரு சுமைச் சோதனைக் கருவியில் நிலையான வருகை வேகத்தைத் தரும் அமைப்பு உண்டு. வேகத்தை எட்ட முடியாமல் கைவிட்ட சுற்றுகளை அது தனியே எண்ணியும் காட்டும். ஜேமீட்டரில் 5.5 பதிப்பு முதல், இதே போல வருகை வேகத்தைக் குறிக்கும் திறந்த மாதிரித் திரெட் குழு இருக்கிறது. பழைய நிலையான வேக டைமரைப் பயன்படுத்துவதானால், அது கேட்பது செக்கனுக்கான எண்ணை அல்ல, நிமிடத்துக்கான எண்ணை என்பதைக் கவனியுங்கள். செக்கனுக்கு 25 வேண்டுமென்றால் 1500 என்று எழுத வேண்டும். 25 என்று எழுதிவிட்டுத் தளம் அருமையாகத் தாங்குகிறது என்று மகிழ்ந்த குழுக்கள் உண்டு.

ஓட்டத்துக்கு ஓட்டம் விடை மாறுவதற்கு முதற் காரணமாக நான் சந்தேகிப்பது உங்கள் சோதனைத் தரவை. முதல் ஓட்டத்திலேயே படகின் ஆசனங்கள் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டால், இரண்டாம் ஓட்டத்தில் எல்லோருக்கும் ஆசனம் இல்லை என்ற பக்கமே வரும். அந்தப் பக்கம் கட்டண வாயிலை அழைக்காது, எதையும் பூட்டாது, 200 என்ற வெற்றிக் குறியோடு மின்னல் வேகத்தில் திரும்பும். ஜேமீட்டர் அதையும் வெற்றி என்றே எண்ணும். ஒவ்வொரு முக்கியமான படியிலும், பக்கத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பை இடுங்கள். உள்நுழைவை நினைவில் வைக்கும் குக்கி மேலாளரை ஜேமீட்டரில் சேர்க்காவிட்டால் ஒவ்வொரு கோரிக்கையும் புதியவராகி உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பப்படும். அதுவும் 200 என்றே பதிவாகும். போலிக் கோரிக்கைகளைத் தடுக்கப் படிவத்தில் வரும் சிஎஸ்ஆர்எஃப் இரகசியக் குறியை, சோதனைப் படிகளைப் பிடித்துவைத்த நாளில் இருந்தபடியே மீண்டும் அனுப்பினால் 403 என்ற மறுப்பு வரும். முந்தைய பதிலில் இருந்து அதைப் பிரித்தெடுத்து அனுப்ப வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னர் தரவுத்தளத்தை ஒரே தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். போஸ்ட்கிரெஸில் ஒரு தரவுத்தளத்தை வார்ப்புருவாக வைத்து அதில் இருந்து புதியதை உருவாக்கலாம்; அந்த வேளையில் வார்ப்புருவோடு வேறு யாரும் இணைந்திருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. பெருமளவு தரவை ஏற்றியிருந்தால், அட்டவணைகளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையையும் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லாத் திரெட்டுகளும் ஒரே பயணத்துக்கு ஆசனம் கேட்கின்றனவா என்றும் பாருங்கள். எஞ்சிய ஆசனங்களின் எண்ணிக்கை ஒரே நிரையில் இருந்தால், அந்த நிரையை ஒரு நேரத்தில் ஒரு டிரான்சக்சன்தான் மாற்ற முடியும். டிரான்சக்சன் 2 செக்கன் எடுக்கும் உங்கள் இப்போதைய நிரலில், அந்தப் பயணத்துக்குச் செக்கனுக்கு அரைப் பதிவு என்பதுதான் உச்சம்; முன்பு கணித்த 5 கூட வராது. பயணங்களைப் பரவலாக்கி ஒரு சோதனை செய்யுங்கள். அதோடு, ஞாயிற்றுக்கிழமை முதல் படகை எல்லோரும் கேட்பது உண்மையிலும் நடப்பதே என்பதால், வேண்டுமென்றே ஒரே பயணத்தில் குவித்தும் தனியாக ஒன்று செய்யுங்கள். இரண்டாவது சோதனையில் வேகத்தை விட, ஒரே ஆசனம் இருவருக்கு விற்கப்படவில்லை என்பதை முடிவில் எண்ணிச் சரிபார்ப்பதே முக்கியம்.

பிஜிபெஞ்ச் காட்டும் எண்ணை இங்கே ஒப்பிடவே முடியாது. இயல்பு அளவில் அது 1,00,000 நிரைகள் கொண்ட சிறிய அட்டவணையை உருவாக்கி, தன் சொந்த டிரான்சக்சனை ஓட்டுகிறது. உங்கள் வினவல்கள் அதில் இல்லை. உங்களுடைய வினவல்களைக் கோப்பாக எழுதி அதற்குக் கொடுத்தால் மட்டுமே பயன் தரும் கருவி அது. பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் நீட்சியை இயக்கி, மொத்த நேரத்தில் அதிகம் எடுக்கும் முதல் சில வினவல்களை அதில் இருந்து தெரிந்துகொள்ளலாம்.

உண்மையான கட்டண வாயிலையோ குறுஞ்செய்திச் சேவையையோ சுமைச் சோதனையில் தொடாதீர்கள். அவற்றுக்குப் பதிலாக ஒரு போலிச் சேவையை வையுங்கள். ஆனால் அது உண்மையான சேவையின் தாமதத்தையும், அவ்வப்போது வரும் அதன் தோல்வியையும் காட்ட வேண்டும். தாமதமே இல்லாத போலிச் சேவையை வைத்திருந்தால், மேலே கண்ட 2 செக்கன் சிக்கல் ஒருபோதும் வெளிப்பட்டிருக்காது. வாடிக்கையாளர்களின் உண்மையான தரவைப் பிரதியெடுத்துச் சோதிப்பதானால், பெயர், கடவுச்சீட்டு எண், தொலைபேசி எண் ஆகியவற்றை முதலில் மாற்றிவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இதை விருப்பத்துக்கு விட முடியாது.

ஓட்டத்தின் வடிவம் பற்றி. ஜாவா சூடாகி முழு வேகத்துக்கு வரும்வரையான முதல் சில நிமிடங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பின்னர் செக்கனுக்கு 5, 10, 15 என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பல நிமிடங்கள் நிறுத்துங்கள். வேகம் உயர்வது நின்று பதில் நேரம் மட்டும் உயரத் தொடங்கும் படியே உங்கள் எல்லை. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பொயின்ட் செய்து வட்டில் எழுதுவதால், 2 நிமிடச் சோதனையில் அந்தத் தாக்கம் தெரியவே தெரியாது. மேகச் சேவையகங்களில் இன்னொரு மறைவான எல்லையும் உண்டு. அமேசானின் ஜிபி2 வகை வட்டு, சிறியதாக இருந்தாலும், சேமித்துவைத்த கிரெடிட்டைச் செலவழித்து ஏறத்தாழ அரை மணிநேரம் செக்கனுக்கு 3,000 செயற்பாடுகளைத் தரும். கிரெடிட் தீர்ந்ததும் 100 ஜிகாபைட் வட்டு 300க்கு விழுந்துவிடும். சிபியு கிரெடிட்டில் ஓடும் மலிவான சேவையகங்களும் இப்படித்தான். காலையில் நன்றாக ஓடி மாலையில் திணறும் சோதனைகளுக்கு இது ஒரு காரணம். அறிக்கையில் சராசரியைப் போடாமல் 95ஆவது, 99ஆவது பேர்சென்டைல்களைப் போடுங்கள். அதாவது நூறு கோரிக்கைகளில் 95, 99 எந்த நேரத்துக்குள் முடிந்தன என்பதை. பல கணினிகளில் இருந்து கிடைத்த பேர்சென்டைல்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது பொருளற்றது; மூலத் தரவைச் சேர்த்து மீண்டும் கணிக்க வேண்டும்.

என்ஜின்எக்ஸில் ஒரே ஐபி முகவரிக்கான வேக வரம்பு வைத்திருந்தால், ஒரே கணினியில் இருந்து எழும் சுமைக்கு அது 503 என்று மறுக்கும். சோதனைக்காக அதைத் தளர்த்தும்போது இன்னொன்றையும் யோசியுங்கள்: தொலைபேசி வலையமைப்பில் இருந்து வரும் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். வரம்பு இறுக்கமாக இருந்தால், நெருக்கடியான நாளில் உண்மையான பயணிகளே தடுக்கப்படுவார்கள்.

எல்லாம் சரியான பின்னர், எதிர்பார்க்கும் வேகத்தில் ஓர் இரவு முழுவதும் ஓடும் நீண்ட சோதனை ஒன்றை நடத்துங்கள். நினைவகக் கசிவும் திரும்பக் கொடுக்கப்படாத இணைப்புகளும் அதில்தான் தெரியவரும். அது காலை 5:30ஐக் கடந்து ஓட வேண்டும். உங்கள் சேவையகத்தின் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் அங்கே நள்ளிரவு என்பது இங்கே அதிகாலை 5:30. காலாவதியான ஒதுக்கீடுகளை நீக்குவது, நாள் கணக்கை மூடுவது போன்ற நள்ளிரவு வேலைகள் எல்லாம், முதல் படகுக்கு ஆட்கள் கரையில் நின்று தொலைபேசியில் பயணச்சீட்டைத் திறக்கும் அதே நேரத்தில் ஓடத் தொடங்கும். அந்த வேலைகளின் நேரத்தை இலங்கை நேரப்படி நள்ளிரவுக்குப் பிந்திய 2 மணிக்கு மாற்றிவிட்டு, அதே சோதனையை மறுபடி ஓட்டி, இரண்டு வரைபடங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.